குருதி கேட்காத கேள்வி

சில காலத்துக்கு முன்னர் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஈரல் பழுதாகி, வயிற்றில் நீர் கட்டி, கண்கள் மஞ்சளித்து, பல மாதங்கள் பாயும் படுக்கையுமாகக் கிடந்து கண்மூடியவர். பந்தலின் கீழ் என் பக்கத்தில் இருந்த ஒருவர் அடுத்தவரிடம் மெல்லக் கேட்டார்: "என்ன வருத்தமாம் அண்ணை?" "ஈரல் வருத்தம்" என்று பதில் வந்தது. "ஓ, அப்ப குடிச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டு அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்துவிட்டது போல இருந்தது. இறந்தவரின் மனைவி நான்கு அடி தூரத்தில் இருந்தார். அந்தச் சொல் அவருடைய காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

இறந்தவர் குடித்தவரா, குடியாதவரா? எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இதை வாசிக்கும் நீங்களும் அந்தப் பதிலைக் கொண்டே உங்கள் இரக்கத்தை அளந்து கொடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் எழுதினாலும் அப்படித்தான் அளப்பேன். நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம் அது. துன்பப்படுகிறவனைக் கண்டதும், "இது இவனுக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறோம். அவனாகவே தேடிக்கொண்டது என்றால் நம் மனம் சற்று இலேசாகிறது. தானாக வந்தது என்றால் கண் கலங்குகிறது. இந்தப் பழக்கம் நியாயமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

செத்தவீட்டில் இந்தக் கேள்வியால் ஒருவருடைய உயிர் போய்விடாது. ஒரு பெண்ணின் மனம் புண்படுவதோடு அது நின்றுவிடும். ஆனால் ஓர் இடத்தில் இதே கேள்வி உயிரையும் மரணத்தையும் தீர்மானிக்கும். மாற்றுச் சத்திர சிகிச்சைக்குக் கிடைத்த ஈரல் ஒன்றே ஒன்றாக இருக்க, அதற்காகக் காத்திருக்கும் நோயாளர் பலராக இருக்கும் இடம் அது. அந்த இடத்தில் மனிதர் என்ன செய்தார்கள், எதைக் கற்றார்கள் என்று பார்த்தால், பந்தலின் கீழ் நாம் பேசும் பேச்சுக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். ஈரலைக் கெடுப்பது மது மாத்திரமன்று. 'சி' வகை ஈரலழற்சி, அதாவது ஹெப்பரைற்றிஸ் சி என்னும் நோய், உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்களைப் பிடித்த ஒன்று. இதை உண்டாக்கும் வைரஸ் குருதி வழியாகப் பரவுகிறது. இந்த வைரஸ் 1989ஆம் ஆண்டில்தான் இனங்காணப்பட்டது. அதற்கு வழிகாட்டிய மூவருக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னர், தானமாகக் கிடைத்த குருதியில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வழியே இருக்கவில்லை. பிள்ளைப்பேற்றின்போது குருதி ஏற்றப்பட்ட தாய்மாரும், விபத்தில் அடிபட்டு வைத்தியசாலைக்குப் போனவர்களும், தம்மைக் காப்பாற்றிய குருதியோடு இந்த நோயையும் வாங்கி வந்தார்கள். போதைமருந்து ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும் இதே நோய் வந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, ஈரலைத் தழும்பாக்கி, சிலரில் புற்றுநோயையும் உண்டாக்குவது இதன் இயல்பு.

இப்படி மறைந்திருக்கும் நோயை அறிய வைத்தியர் நம்பியிருப்பது குருதிப் பரிசோதனையை. ஈரற் கலங்கள் சேதமடைந்தால் ஏ.எல்.ரி. என்னும் நொதியம் குருதியில் கூடும். உடலில் எங்காவது அழற்சி இருந்தால் சி.ஆர்.பி. என்னும் புரதம் கூடும். ஆனால் இந்த அடையாளங்கள் எப்போதும் உண்மை முழுவதையும் சொல்வதில்லை. 'சி' வகை ஈரலழற்சி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏ.எல்.ரி. அளவு சாதாரணமாகவே இருக்கும்; உள்ளே ஈரல் தழும்பாகிக்கொண்டிருக்கும். சி.ஆர்.பி.யோ ஈரலிலேயே உற்பத்தியாகும் பொருள். ஈரல் மிகவும் தளர்ந்துவிட்டால், உடலில் கடுமையான தொற்று இருந்தாலும் அது உயர வேண்டிய அளவுக்கு உயராமல் போகலாம். வீடு தீப்பற்றும்போது சத்தம் போட வேண்டிய காவற்காரனே மயங்கிக் கிடப்பதற்கு இது ஒப்பாகும். எண் அமைதியாக இருக்கிறது என்பதற்காக நோயும் அமைதியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

ஈரல் முற்றாகக் கெட்டுவிட்டால் வேறு ஈரல் வைப்பதே வழி. சிறுநீரகம் பழுதானவரைப் பல ஆண்டுகள் தாங்க இயந்திரம் உண்டு. ஈரலுக்கு அப்படி நெடுங்காலம் தாங்கும் இயந்திரம் இல்லை. மனிதருக்கு மனிதர் ஈரல் மாற்றும் சிகிச்சையை முதலில் செய்து பார்த்தவர் அமெரிக்க வைத்தியர் தோமஸ் ஸ்ராசல். 1963இல் டென்வர் நகரில் ஒரு சிறு பிள்ளைக்குச் செய்தார், பிள்ளை பிழைக்கவில்லை. 1967இல்தான் முதல் வெற்றி கிட்டியது. ஐக்கிய அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஈரல் மாற்றுச் சிகிச்சைகள் நடந்தன. அப்படியிருந்தும் காத்திருந்தபடியே இறப்பவர்கள் உண்டு. கிடைக்கும் ஈரல் தேவைக்குப் போதவில்லை.

அப்படியானால் யாருக்கு முதலில் கொடுப்பது?

இந்தக் கேள்வி 1995ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் எல்லோருடைய வாயிலும் இருந்தது. மிக்கி மான்ரில் என்பவர் அந்நாட்டின் பேஸ்போல் விளையாட்டில் பெரும் புகழ் பெற்ற வீரர். பல ஆண்டுகள் அளவுமீறிக் குடித்தவர். 1994இல் சிகிச்சை பெற்று மதுவை விட்டார். ஆனால் அவருடைய ஈரல் அதற்கு முன்னரே கெட்டுவிட்டது. மது மாத்திரமன்றி 'சி' வகை ஈரலழற்சியும், அதோடு ஈரற் புற்றுநோயும் அவருக்கு இருந்தன. 1995 ஜூன் 8ஆம் திகதி, 63 வயதில், டலஸ் நகரில் அவருக்கு வேறு ஈரல் வைக்கப்பட்டது. பட்டியலில் பெயர் சேர்ந்து ஓரிரு நாட்களிலேயே ஈரல் கிடைத்துவிட்டது. நாடு கொதித்தது. பிரபலமானவர் என்பதால் வரிசையைத் தாண்டிவிட்டார் என்றார்கள் சிலர். குடிகாரனுக்கு ஏன் ஈரல் என்றார்கள் வேறு சிலர். அந்தப் பிரதேசத்தில் அவ்வளவு கடுமையான நிலையில் உள்ளவர்கள் காத்திருக்கும் காலம் சில நாட்கள்தான் என்று பொறுப்பானவர்கள் விளக்கினார்கள். சந்தேகம் தீரவில்லை. புற்றுநோய் பரவி, ஆகஸ்ட் 13ஆம் திகதி அவர் இறந்தார். இறக்குமுன் பத்திரிகையாளரைக் கூட்டி, தம்மைப் போல் வாழ வேண்டாம் என்று இளைஞரைக் கேட்டுக்கொண்டார். உறுப்புத் தானத்தை ஊக்குவிக்க அவருடைய பெயரில் ஒரு நிதியமும் தோன்றியது.

அவருக்குக் கொடுத்தது சரியா என்பது பற்றி இன்றும் வாதிக்கலாம். புற்றுநோயின் பரவலை முன்னரே அறிந்திருந்தால் கொடுத்திருக்கக் கூடாது என்பது ஒரு நியாயமான வைத்திய வாதம். "புகழுக்காகக் கொடுத்திருந்தால் தவறு" என்பதும் நியாயமே. ஆனால் "குடித்தவன், ஆகவே கொடுக்கக் கூடாது" என்ற மூன்றாவது வாதம் முதலிரண்டையும் போன்றது அன்று. முதல் வாதம் சிகிச்சை பயன்படுமா என்று கேட்கிறது. இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே நீதி நடந்ததா என்று கேட்கிறது. மூன்றாவதோ நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 2002 பெப்ரவரி 27ஆம் திகதி முதல், ஐக்கிய அமெரிக்காவில் ஈரலைப் பகிரும் முறை மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதும், வயிற்றில் எவ்வளவு நீர், அறிவு எவ்வளவு தடுமாறுகிறது என்பன போன்று வைத்தியர் கண்ணால் மதிப்பிடும் விடயங்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. அப்போது வந்த முறையில் மூன்று குருதி அளவுகள் போதுமானவையாக இருந்தன. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் ஒன்று. குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். மற்றொன்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் மூன்றாவது. இவற்றைச் சேர்த்துக் கணித்து, 6 முதல் 40 வரை ஒரு புள்ளி கொடுத்தார்கள். 'மெல்ட்' என்பது அதன் பெயர். புள்ளி கூடியவர் மரணத்துக்குக் கிட்ட நிற்கிறார். ஆகவே அவருக்கு முதலிடம். இந்த முறை வந்த பின்னர், காத்திருந்து இறப்போர் தொகை குறைந்தது.

இந்தக் கணக்கின் பிறப்பில் நமக்குப் பயனுள்ள ஒரு சிறு செய்தி உண்டு. மாயோ வைத்தியசாலையில் இதை முதலில் உருவாக்கியபோது, நோய் எதனால் வந்தது என்பதற்கும் ஓர் இடம் இருந்தது. மதுவால் வந்ததா, வைரஸால் வந்ததா என்பதைப் பொறுத்துப் புள்ளி சற்று மாறும். அந்தக் கேள்வியை நீக்கினாலும் கணக்கின் திருத்தம் பெரிதாகக் குறையவில்லை என்று கண்டார்கள், நீக்கிவிட்டார்கள். யார் விரைவில் இறப்பார் என்பதை அறிய, நோயின் காரணத்தைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. குடித்தவரின் பிலிரூபினும், பிள்ளைப்பேற்றில் குருதி ஏற்றப்பட்ட தாயின் பிலிரூபினும் ஒரே பொருள்தான். பந்தலின் கீழ் நாம் முதலாவதாகக் கேட்கும் கேள்வியைக் குருதி கேட்பதே இல்லை.

இதை வாசிக்கும் ஒரு தகப்பனார் இப்படி மறுக்கலாம்: "என் மகள் ஒரு பாவமும் அறியாதவள். அவளும் ஒரு குடிகாரனும் ஒரே ஈரலுக்குக் காத்திருந்தால், அவனுடைய புள்ளி ஒன்று கூட இருக்கிறது என்பதற்காக அவள் சாக வேண்டுமா?" இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இதைக் கேட்கும் தகப்பனைக் கொடியவர் என்று சொல்லவும் முடியாது. அவருடைய வேதனைக்கு முன்னால் எந்தத் தத்துவமும் போதாது. ஆயினும் மூன்று விடயங்களை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குற்றத்தை அளக்க நம்மிடம் தராசு இல்லை. மான்ரிலின் ஈரலில் மது எவ்வளவு, வைரஸ் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? அவருடைய தகப்பனார் இளவயதிலேயே புற்றுநோயால் இறந்தவர். தாமும் நெடுநாள் வாழப்போவதில்லை என்ற எண்ணத்துடனேயே வளர்ந்தவர் அவர். அந்தப் பயம் அவருடைய குடியில் எவ்வளவு? காரணத்தைக் கேட்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? கொழுப்பை உண்டு ஈரலைக் கெடுத்தவர், வைத்தியர் சொற் கேளாதவர், வேகமாக வாகனம் ஓடியவர் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இடம் பெறாதவர் நம்மில் யார்?

இரண்டாவது, கடந்த காலத்துக்குத் தண்டனை வேறு, வருங்காலத்துக்கு எச்சரிக்கை வேறு. புதிய ஈரலைப் பெறுபவர் அதைப் பேணுவாரா என்று வைத்தியர் கேட்பது நியாயம். குடியை நிறுத்தி ஆறு மாதம் கழிந்த பின்னரே மாற்றுச் சிகிச்சை என்று பல வைத்தியசாலைகள் விதி வைத்திருந்தன. அதில் விவேகம் உண்டு. குடியை விட்டால் சிலருடைய ஈரல் தானாகவே தேறும். ஆனால் ஆறு மாதம் உயிரோடு இருக்கவே முடியாதவருக்கு அந்த விதி மரணத் தீர்ப்பாகும். 2011இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அப்படிப்பட்ட 26 பேரைக் கவனமாகத் தெரிந்து, காத்திராமல் ஈரல் மாற்றிய ஆய்வு வெளிவந்தது. ஆறு மாத முடிவில் அவர்களில் நூற்றுக்கு 77 பேர் அளவில் உயிரோடு இருந்தார்கள். ஈரல் பெறாத அதே நிலையினரில் நூற்றுக்கு 23 பேர்தான். எச்சரிக்கை என்ற உடையில் தண்டனை ஒளிந்திருக்கலாம் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

மூன்றாவது, அந்த ஈரல் யாருடையது? அது அரசாங்கத்தின் சொத்தன்று, வைத்தியசாலையின் சொத்துமன்று. தன் வீட்டில் மரணம் நிகழ்ந்த வேளையில், கண்ணீரோடு ஒரு குடும்பம் கொடுத்த கொடை அது. பெறுபவர் நல்லவரா கெட்டவரா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காமலே கொடுக்கப்பட்டதைப் பங்கிடும் நாம், கேட்டுத்தான் கொடுப்போம் என்பது எப்படி?

அப்படியானால் எண்ணை நம்பிவிட்டுச் சும்மா இருக்கலாமா? அதுவும் முடியாது. கிரியற்றினின் தசையின் அளவைப் பொறுத்தது. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் ஒரே அளவில் கெட்டிருந்தாலும் பெண்ணின் கிரியற்றினின் குறைவாகவே காட்டும், புள்ளியும் குறையும், ஈரலும் பிந்தும். காத்திருந்து இறந்த பெண்களின் விகிதம் ஆண்களுடையதிலும் கூடுதலாக இருந்தது. இதைத் திருத்தி, பெண்களுக்குச் சிறு கூட்டுப் புள்ளி கொடுக்கும் புதிய கணக்கு 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு ஆண்டுகள் சென்றன! கணக்கு யாரையும் வெறுக்கவில்லை. ஆயினும் அநீதி நடந்தது. அதைக் கண்டுபிடித்தது கணக்கன்று, "ஏன் பெண்கள் கூட இறக்கிறார்கள்?" என்று கேட்ட மனச்சாட்சி. எண் பாரபட்சத்தைத் தடுக்கும் வேலி. வேலி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது மனிதனின் கடமை.

இன்னும் ஒன்று. 2013 டிசம்பரில் சொபொஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் அதன் பின்வந்த மருந்துகளும் 'சி' வகை ஈரலழற்சியைச் சில மாதங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களில், முற்றாகக் குணமாக்குகின்றன. ஆனால் அப்போது ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டொலராக இருந்தது; பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர். அந்த விலையைக் கண்டு, ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்கும் சில அமெரிக்க மாநிலங்கள், ஈரல் பெரிதும் தழும்பானவர்களுக்கு மாத்திரமே மருந்து என்றன. மதுவையும் போதைமருந்தையும் விட்டவருக்கே மருந்து என்றும் சில விதித்தன. இன்னும் கெட்டுப்போய் வா, அல்லது நல்லவனாகி வா, அப்போது பார்ப்போம் என்பதே இதன் பொருள். அங்கே பற்றாக்குறை மருந்தில் இல்லை. விலையை வைத்த மனிதரிடத்தில் இருந்தது.

எகிப்து நாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1950களிலிருந்து 1980கள் வரை, நத்தைகள் வழியாகப் பரவும் ஒருவகைப் புழு நோயை ஒழிக்க அங்கே அரசு மக்களுக்கு ஊசி ஏற்றியது. சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளால் 'சி' வைரஸ் ஊரூராகப் பரவியது. குணமாக்க வந்த ஊசியே நோயைக் கொண்டுவந்தது. அங்கே யாரைக் குற்றம் சொல்வது? உள்நாட்டிலேயே மலிவாக மருந்து செய்து, 2018-2019இல் ஏறக்குறைய ஐந்து கோடி மக்களைப் பரிசோதித்து, நோய் கண்டவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். உங்களுக்கு எப்படி வந்தது என்று விசாரித்து அல்ல, இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துக் கொடுத்தார்கள்.

நம் திருச்சபையும் இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, உரோமையில் கூடிய உறுப்பு மாற்று வைத்தியர்களின் சர்வதேச மகாநாட்டில் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரையாற்றினார். வயது, பால், இனம், சமயம், சமூக நிலை என்பவற்றைக் கொண்டு உறுப்புகளைப் பங்கிடக் கூடாது என்றும், ஒருவரால் சமூகத்துக்கு என்ன பயன் என்ற கணக்கும் கூடாது என்றும், வைத்திய காரணங்களே அளவுகோல் என்றும் அவர் போதித்தார். உறுப்புகளை விலைபேசுவதையும் கண்டித்தார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதை நாம் அறிவோம். அவர் அந்த விசாரணைக்குள் புகவே இல்லை. மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார்.

இதனால், குடியைப் பற்றி நாம் பேசக் கூடாது என்பதில்லை. குடி எத்தனை வீடுகளை அழித்தது என்று நமக்குத் தெரியும். பேச வேண்டும், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு வேளை உண்டு. குடிப்பவர் உயிரோடு இருக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் இருந்து, அன்போடு சொல்ல வேண்டிய பேச்சு அது. நோயில் விழுந்த பின் சொல்லும்போது அது புத்திமதியாக இராது, கைகழுவலாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முன்னர் குருதி ஏற்றப்பட்டவர்களும், நெடுநாள் களைப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டு ஒரு குருதிப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இன்று இந்த நோய்க்கு மருந்து உண்டு. இறந்த பின் உறுப்புகளைக் கொடுக்க நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்திருக்கிறது. அதைப் பற்றிக் குடும்பமாக இருந்து பேசி, நம் விருப்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். ஈரல்கள் போதுமான அளவு கிடைத்தால், யாருக்கு முதலில் என்ற கொடிய கேள்வியே குறைந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது மிகச் சிறியது. அடுத்த முறை ஒரு செத்தவீட்டில், "ஈரல் வருத்தம்" என்று யாராவது சொன்னால், நம் நாவில் எழும் அடுத்த கேள்வியை விழுங்கிவிடுவோம். எழுந்து போய், அந்த மனைவியின் பக்கத்தில் சற்று நேரம் இருப்போம்.